பிள்ளையாரிடம் போன எண்ணெய்த் தகடு

எங்கள் மோட்டார் திருத்துநர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தம்பி என் வீட்டுக்கு வந்தார். "அண்ணை, நீங்கள் நாப்பது வருசத்துக்கு மேல கராச்சில இருந்தனீங்கள். உங்கட சாதனைகளை எழுதித் தாங்கோ" என்றார்.

"சாதனை எண்டால் அரைப் பக்கத்துக்கு மேல வராது தம்பி. பிழை எண்டால் உங்கட மலரில இடம் காணாது" என்றேன்.

"அப்ப ஒரு பிழையை எழுதுங்கோ."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். சரி, எழுதுகிறேன். இப்போதெல்லாம் காருக்குள் ஒரு வயரைச் செருகினால் மடிக்கணினி நோயைச் சொல்லிவிடுகிறது. அதை நான் குறைசொல்லமாட்டேன். என் முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு வந்ததே என்பதுதான் என் மனவருத்தம். ஆனால் நான் செய்த பிழையை எந்தக் கணினியாலும் பிடித்திருக்க ஏலாது. அந்தப் பிழை காருக்குள் இருக்கவில்லை. பிள்ளையாருக்கு முன்னால் இருந்தது.

நான் தொழில் பழகிய கதை நீளமில்லை. எட்டாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது, நானும் அதைக் கைவிட்டேன். திருகோணமலை துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கராச்சில், அதாவது வாகனம் திருத்தும் பட்டறையில், சேர்ந்தேன். இரண்டு வருடம் சாமான் கழுவினேன், மூன்று வருடம் சில்லுக் கழற்றினேன், பிறகு மெல்ல மெல்ல என்ஜின் பக்கம் கையை நீட்டினேன். புத்தகம் படித்துப் பழகவில்லை. கண்ணால் களவெடுத்துப் பழகினேன்.

யாரிடம் களவெடுத்தேன் என்றால், கனகசபை பாஸிடம். கைத்தொழிலில் தலைமையானவரை எங்கள் ஊரில் பாஸ் என்போம். கனகசபை பாஸ் அந்தக் கராச்சுக்குப் பெரியவர். மெல்லிய மனிதர். வெள்ளைச் சட்டையோடு வேலைக்கு வந்து வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்குப் போவார்; இடையில் எட்டு மணித்தியாலம் எண்ணெய்க்குள் நிற்பார். அது எப்படி என்று நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. அவர் ஒருவரையும் ஏசியதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும், அவ்வளவுதான். சாதாரண நாளில் என்னை "சிவம், இஞ்ச வா" என்பார். கொஞ்சம் கோபம் என்றால் "சிவலிங்கம், இஞ்ச வாங்கோ" என்பார். ஒருமுறை நான் பெற்றோல் தாங்கிக்குள் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா அவர்கள் தயவுசெய்து அந்தப் புனலைக் கீழே வைப்பீர்களா?" என்றார். எனக்குக் காய்ச்சல் பிடித்தது. கூட வேலை செய்த மரியதாஸ் சொல்லுவான்: "மச்சான், அந்தாள் எங்களுக்கு 'சேர்' போட்டுக் கதைச்சால், அண்டைக்கு வேலை போச்சு எண்டு அர்த்தம்."

என்ஜினைக் கழற்றிப் பூட்டுவதற்கு எங்கள் கராச்சில் ஒரு முறை இருந்தது. காகிதத்தில் எழுதுவதில்லை, பெட்டியில் போடுவதில்லை. பெரிய சணல் சாக்கு ஒன்றை விரித்து, கழற்றக் கழற்றச் சாமானை வரிசையாக அதில் அடுக்குவோம். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துத் திரும்பவும் அதே இடத்தில் வைப்போம். பூட்டும்போது கடைசியில் வைத்ததை முதலில் எடுத்து, பின்பக்கமாகவே வருவோம். எல்லாம் முடிந்ததும் பாஸ் வருவார். சாக்கின் இரண்டு மூலையைப் பிடித்து ஒரு உதறு உதறுவார். ஒன்றும் விழாவிட்டால் அதை நாலாக மடித்து, மேலே குந்தி, ஒரு பிளேன்டீ குடிப்பார். "சாக்கு வெறுமையானால் என்ஜின் நிறைஞ்சுது" என்பது அவருடைய வேதம். பிறகு ஸ்குரூட்ரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, "அடியுங்கோ" என்பார். என்ஜின் இரைந்து எழும்பும். அவர் கண்ணை மூடிக் கேட்பார். நாங்கள் அவருடைய புருவத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

இந்த முறையில் ஒரேயொரு ஓட்டை இருந்தது. சாக்கிலிருந்து ஒரு சாமானை யாராவது வேறு தேவைக்கு எடுத்துக்கொண்டு போனால், சாக்குக்கு அது தெரியாது. யார் அப்படி எடுப்பான்? பைத்தியக்காரன்தான் எடுப்பான். அந்தக் கிழமை நான் பைத்தியக்காரனாகத்தான் இருந்தேன்.

காரணம் உப்புவெளியில் இருந்தது. அங்கே நடராசா சம்மாட்டியார் என்று ஒருவர், இரண்டு வள்ளமும் கரைவலையும் உள்ளவர். அவருடைய பழைய வான் வண்டியை நாங்கள்தான் திருத்துவோம். ஒருநாள் வானோடு அவருடைய மகள் யோகமும் வந்தாள். நான் வானுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணை, உங்கட மூக்குக்கு மீசை முளைச்சிருக்கு" என்றாள். கிறீஸ். நான் அன்றைக்கு முழுக்க மூக்கைக் கழுவவில்லை. மரியதாஸ் இதைக் கண்டுபிடித்து, "அண்ணை எண்டு கூப்பிட்டவளை நினைச்சு உருகிற முதல் ஆம்பிளை நீதான்ரா" என்று கராச் முழுக்கப் பறை அடித்தான். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் போய்ப் பெண் கேட்டார்கள். சம்மாட்டியார் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அவரே கராச்சுக்கு வந்தார். நான் சாக்குக்கு முன்னால் குந்தியிருந்தேன். அன்றைக்கு எனக்குப் பெரிய நாள். கிண்ணியாவில் வியாபாரம் செய்யும் ஹனீபா நானாவின் பழைய ஏ ஃபோட்டிக் கார் எங்களிடம் வந்திருந்தது; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். என்ஜினை முழுக்கக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, கழுவிச் சாக்கில் அடுக்கியாகிவிட்டது. பூட்டப் போவது நான். வாழ்க்கையிலேயே முதல்தரமாக, தனியாக.

சம்மாட்டியார் பாஸுக்குப் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திக் கதைத்தார். கடலில் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. தாழ்த்தினாலும் துறைமுகம்வரை கேட்கும்.

"பாஸ், இந்தப் பெடியன் எப்பிடி? எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. உங்கட வாயால ஒரு சொல் வேணும்."

பாஸ் கையைத் துடைத்தார். என்னைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். "சம்மாட்டியார், உந்த என்ஜினை அவன் தனியத்தான் பூட்டப் போறான். நானா வெள்ளிக்கிழமை கொழும்புக்கு வெளிக்கிடுறார். கார் போய் வரட்டும். வந்த பிறகு கேளுங்கோ, சொல்லுறன்."

அதாவது என் கலியாணம் நாலு பிஸ்டனில் தொங்கியது.

எனக்கு மகிழ்ச்சியில் கை எது கால் எது என்று தெரியவில்லை. பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் தொடங்குவது என்று முடிவெடுத்தேன். கராச் மூலையில் ஒரு பலகைத் தட்டு இருந்தது. அதில் பிள்ளையார் படமும், மரியதாஸ் கொண்டுவந்து வைத்த அந்தோனியார் படமும் தோளோடு தோள் நிற்கும். கற்பூரத் தட்டை எடுக்கப் போனால், அதற்குள் மரியதாஸ் கார்பரேற்றரின் சின்னச் சாமான்களைப் பெற்றோலில் ஊறப் போட்டிருந்தான்.

"டேய், இது சாமித் தட்டு!"

"சின்னச் சாமானுக்கு இதைவிட நல்ல தட்டு எங்க கிடக்கு? கொளுத்திறியெண்டால் கொளுத்து. உன்னோட சேத்து எங்கள் எல்லாரையும் சாமியிட்டக் கொண்டுபோய் விட்டிடும்."

நான் சுற்றிப் பார்த்தேன். கைக்கு எட்டிய தூரத்தில், சாக்கின் ஓரத்தில், மண்ணெண்ணெயில் குளித்துப் பளபளவென்று, சின்னக் கிண்ணம்போலக் குழிந்த வட்டத் தகடு ஒன்று கிடந்தது. நடுவில் ஓட்டை. ஓட்டைக்கு மேல் ஒரு வெற்றிலையை வைத்து, வெற்றிலைக்கு மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினேன். அவ்வளவு வடிவாக எரிந்தது! எடுத்தது கை, மனம் உப்புவெளிக் கடற்கரையில் நின்றது. கும்பிட்டுவிட்டு வந்து சாக்கின் முன்னால் குந்திப் பூட்டத் தொடங்கினேன்.

அந்தத் தகடு என்ன என்று வாகனம் தெரியாதவர்களுக்கும் சொல்லவேண்டும். என்ஜினின் முன்பக்கம் டைமிங் செயின் ஓடும். அதற்கு எண்ணெய் வேண்டும். ஆனால் அந்த எண்ணெய் முன்மூடியைத் தாண்டி வெளியே வரக்கூடாது. ஆகவே சுழலும் தண்டில், மூடிக்குச் சற்று உள்ளே, இந்தக் குழிந்த தகட்டைப் போட்டிருப்பார்கள். அது சுழன்று, வரும் எண்ணெயைத் திரும்ப உள்ளேயே விசிறிவிடும். நாங்கள் அதை எண்ணெய்த் தகடு என்போம். அது இல்லாவிட்டாலும் என்ஜின் ஓடும், ஒரு சத்தமும் வராது. எண்ணெய் மட்டும் மெல்ல மெல்ல வெளியேறும். முன்னால் சுற்றும் காற்றாடி அதை எல்லா இடமும் பூசும். தூரப் பயணத்தில் யாரும் கவனிக்காவிட்டால் எண்ணெய் வற்றி, உள்ளே இரும்பும் இரும்பும் உரசி, என்ஜின் இறுகி நின்றுவிடும்.

புதன்கிழமை பின்னேரம் பூட்டி முடித்தேன். பாஸ் சாக்கை உதறினார். ஒன்றும் விழவில்லை. மடித்துக் குந்தினார், பிளேன்டீ குடித்தார், "அடியுங்கோ" என்றார். என்ஜின் ஒரே அடியில் பிடித்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். புருவம் அசையவில்லை. கண்ணைத் திறந்து, "தையல் மெசின்" என்றார். அந்த மனிதரின் அகராதியில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. வியாழக்கிழமை நானா வந்து, காரைச் சுற்றி மூன்று தரம் நடந்து, என் முதுகில் ஒன்று போட்டு, ஓட்டிக்கொண்டு போனார். நான் நிலத்தில் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பூ வைப்பதற்காகச் சாமிப் பலகையைத் துடைத்தேன். திங்கட்கிழமை கற்பூரம் எரித்ததில் கரிந்து ஒட்டிய வெற்றிலையைச் சுரண்டினேன். அடியில் வட்டமாக ஒரு ஓட்டை. சுற்றிவரக் குழி. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்தேன் பாருங்கள், அந்த ஒரு நொடியில் என் காது இரண்டும் அடைத்துக்கொண்டன.

"மரியதாஸ்!"

அவன் ஓடிவந்து பார்த்தான். முதலில் சிலுவை போட்டான். பிறகு சிரித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கிறன். பிள்ளையாரே சாமான் பிடிச்சு வைச்ச கதை இதுதான்ரா முதல்!"

நான் தகட்டை எடுத்துக்கொண்டு பாஸிடம் போனேன். நீட்டினேன். அவர் வாங்கி, பெருவிரலால் கரியைத் தேய்த்தார். திருப்பிப் பார்த்தார். மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். கற்பூர மணம்.

"சிவலிங்கம் அவர்களே."

நான் கையைக் கட்டினேன்.

"இது தங்களால் தவறவிடப்பட்டதா, காணிக்கையாகச் செலுத்தப்பட்டதா?"

"கற்பூரம் கொளுத்த எடுத்தனான் பாஸ். திரும்ப வைக்க மறந்திட்டன்."

அவர் தகட்டை என் கையில் திருப்பி வைத்தார். உதட்டின் ஒரு மூலை துடித்தது. அது கோபமா சிரிப்பா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. "நான் சாக்கை உதறினனான். விழேல்லை எண்டு நம்பினனான். அதில பாதிப் பிழை என்னுடையது" என்றார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "நானா ஜும்மாத் தொழுகை முடியக் கொழும்புக்கு வெளிக்கிடுவார். இப்ப போனால் பிடிக்கலாம். பூட்டுறது எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியும். நானாவிட்ட என்ன சொல்லுறது எண்டதை நான் சொல்லித் தரமாட்டன்."

மரியதாஸிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதற்கு பிரேக்கைவிட ஹோன் நன்றாக வேலை செய்யும். நான் பின்னால், மடியில் நட்டுக் கழற்றும் சாவிகளும் சுத்தியலும் உள்ள உரப்பை, சட்டைப் பைக்குள் பிள்ளையார் திருப்பித் தந்த தகடு. சீனக்குடா தாண்டிக் கிண்ணியாத் துறைக்குப் போனோம். இப்போது அங்கே பாலத்தில் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறீர்கள். அப்போது மிதவையில் வாகனங்களை ஏற்றித்தான் கொண்டுபோவார்கள். அதைப் பாதை என்போம். நாங்கள் போய்ச்சேர, பாதை கரையைவிட்டு ஒரு கயிறளவு விலகிவிட்டது. அக்கரை போய்த் திரும்ப வரும்வரை நான் கரையில் குறுக்கும் மறுக்குமாக நடந்தேன். ஒரு மாட்டுவண்டிக்காரர் பொறுக்கமுடியாமல், "தம்பி, நீ நடந்தால் பாதை வேகமா வராது. என்ட மாடுதான் மிரளுது" என்றார்.

ஏறிய பிறகு மரியதாஸ் என் காதோடு கதை தொடங்கினான்.

"மச்சான், நல்லாக் கேள். நானாவிட்ட உண்மையைச் சொல்லாத. 'தண்ணி ஒழுகிற மாதிரி ஒரு சந்தேகம், ஒருக்காப் பாப்பம்' எண்டு சொல்லு. ரேடியேற்றரைக் கழட்டு. தகட்டைப் போடு. மூடு. அவருக்கும் சந்தோசம், உனக்கும் பொம்பிளை."

"பொய்யெல்லோ?"

"பொய்யும் மீனும் ஒண்டுதான்ரா. புதுசா இருக்கேக்கை வித்துப்போட்டால் ஒருத்தனும் மணந்து பாக்கமாட்டான்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. 'தண்ணி ஒழுகிற மாதிரி ஒரு சந்தேகம்' என்பதை அக்கரை சேரும்வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

நானாவின் வீட்டு முற்றத்தில் கார் நின்றது. கார் என்று சொல்ல ஏலாது, தேர். பச்சையும் வெள்ளையுமாகக் கடுதாசித் தோரணம். அவருடைய மாமனார் ஹஜ் முடித்து வருகிறார். கொழும்பிலிருந்து ஊருக்கு அழைத்துவரத்தான் இந்தப் பயணம். முற்றம் நிறையச் சொந்தக்காரர்கள். எங்களைக் கண்டதும் நானா இரண்டு கையையும் விரித்தார்.

"வாங்க மகன், வாங்க! எல்லாரும் பாருங்க, இந்த மகன்தான் என்ட என்ஜினைத் தனியப் பூட்டினவர். பாதையில ஏறக்குள்ள சத்தமே இல்ல. கார் ஓடுதா, படுத்து நித்திரை கொள்ளுதா எண்டு பாதைக்காரன் கேக்கான்!"

நான் காரின் முன்பக்கம் குனிந்து பார்த்தேன். கீழே மணலில், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுக்குக் கறுப்பு.

"அது கொஞ்சம் சொட்டுது. புது என்ஜின் எண்டால் அப்பிடித்தான் எண்டு நினைச்சன்" என்றார் நானா. பாவம், எனக்காக அவரே ஒரு காரணமும் வைத்திருந்தார்.

நான் நிமிர்ந்து, 'தண்ணி' என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் முற்றத்து மூலையில், கதிரையில் இருந்த மனிதரைக் கண்டேன். கையில் தேத்தண்ணி, காலடியில் கருவாட்டுக் கூடை. நடராசா சம்மாட்டியார். நானாவுக்கு அவர்தான் கருவாடு கொடுப்பவராம். அதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை! மரியதாஸ் மெதுவாக என் காலை மிதித்தான். 'தண்ணியைச் சொல்லு' என்று அர்த்தம்.

என்ன நடந்தது என்று எனக்கே விளங்கவில்லை. நானா சிரித்துக்கொண்டு நிற்கிறார், தோரணம் காற்றில் ஆடுகிறது, இத்தனை சனம் என்னைப் பெரிய பாஸைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறது. இந்த முகங்களுக்கு முன்னால் தண்ணீர் என்று சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டேன், தகட்டை எடுத்தேன்.

"நானா, பிழை என்னுடையது. இது உங்கட என்ஜினுக்குள்ள இருக்கவேண்டிய சாமான். பூட்டாமல் விட்டிட்டன். அதுதான் எண்ணெய் சொட்டுது. இப்பிடியே கொழும்புக்குப் போனால் என்ஜின் இறுகிப்போம். நீங்கள் தொழுதுபோட்டு வாறதுக்குள்ள பூட்டித் தாறன்."

முற்றத்துச் சனம் கிட்ட நெருங்கியது. நானா தகட்டை வாங்கி முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இதில என்ன மகன், கற்பூரம் மணக்குது?"

அதையும் சொன்னேன். வேறு வழி? கற்பூரத் தட்டு, பெற்றோல், வெற்றிலை, பிள்ளையார், எல்லாம் சொன்னேன். எந்த ஊர்ப் பிள்ளையை நினைத்துக்கொண்டு அதை எடுத்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். ஆனால் மரியதாஸ் தலையைக் குனிந்துகொண்டு சிரித்த சிரிப்பில் அதுவும் வெளியே வந்திருக்கும்.

நானா என்னைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். "உங்கட சாமிக்குக் குடுத்த சாமான். அவரைக் கேட்டுத்தான் எடுத்துவந்தீங்களா, களவா எடுத்துவந்தீங்களா?" என்றார்.

"கேக்க நேரமிருக்கேல்லை நானா."

அவ்வளவுதான். நானா வெடித்தார். தொப்பி சரியச் சிரித்தார். முற்றமே சிரித்தது. வாசல் சீலைக்குப் பின்னால் பெண்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர் என்ன கதை என்று விளங்காமலே எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "பூட்டுங்க மகன், பூட்டுங்க! வழியில ஹபரணைக் காட்டில ஹாஜியாரையும் யானையையும் என்னையும் சந்திக்கவைக்காமல் விட்டீங்களே, அது போதும்!" என்றுவிட்டு நானா பள்ளிவாசலுக்குப் போனார். ஆம்பிளைகள் எல்லோரும் பின்னால் போனார்கள்.

சம்மாட்டியார் மட்டும் சிரிக்கவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, காரின் முன்சில்லுக்குப் பக்கத்தில் போட்டு, இருந்தார்.

எத்தனையோ என்ஜின் பூட்டியிருக்கிறேன். அந்த ஒரு மணித்தியாலத்தைப்போல ஒன்றையும் பூட்டவில்லை. தண்ணீரை வாளியில் இறக்கினோம். ரேடியேற்றரைக் கழற்றி மதிலோடு சாய்த்தோம். பெல்ட்டை எடுத்தோம். தண்டின் நுனியில் உள்ள பெரிய நட்டைச் சாவி போட்டுச் சுத்தியலால் தட்ட, மூன்றாம் தட்டில் இளகியது. பெல்ட் ஓடும் புள்ளிச் சில்லை இழுத்தெடுத்தோம், மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக நிலத்தில் வரிசையாக வைத்தோம். மூடி வந்தது. உள்ளே செயின் எண்ணெய் வடிய என்னைப் பார்த்தது. தகட்டைக் கழுவி, குழிந்த பக்கம் வெளியே பார்க்கத் தண்டில் போட்டேன். அது அங்கே இருக்கவே பிறந்ததுபோலப் போய் ஒட்டிக்கொண்டது.

"இது இல்லாட்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்?" சம்மாட்டியார் முதல்தரமாக வாயைத் திறந்தார்.

"சொல்லேலாது ஐயா. நூறு மைலும் ஓடலாம். இடையில எண்ணெய் பாத்து ஊத்தினால் போய்ச் சேந்தும் இருக்கும்."

"அப்ப இது நீர் விட்ட பிழை எண்டு ஆருக்குத் தெரிய வந்திருக்கும்?"

"எனக்குத் தெரியும். பாஸுக்குத் தெரியும். இவன் மரியதாசுக்குத் தெரியும். பிள்ளையாருக்கும் தெரியும்."

"மரியதாசுக்குத் தெரிஞ்சால் ஊருக்குத் தெரிஞ்ச மாதிரித்தானே" என்றார் முகம் மாறாமல். மரியதாஸ் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டான்.

மூடியைத் திரும்ப வைக்கப் போனால், எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கும் கடுதாசி கஸ்கட் கிழிந்து கிடந்தது. புதிது வெட்டத் தடித்த காகிதம் வேண்டும். மரியதாஸ் வாசலில் போய்க் கேட்டான். சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு கை, நல்ல தடித்த கலியாணக் கார்ட் ஒன்றை நீட்டியது. அதை மூடியின் விளிம்பில் வைத்து, சுத்தியலால் சுற்றிவரத் தட்டித் தட்டி வெட்டினேன். யாரோ ஒரு மாப்பிள்ளையின் பெயர் பாதியில் அறுந்து எண்ணெய்க்குள் போனது. சம்மாட்டியார் அந்தக் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

மூடியை வைத்தவுடன் இறுக்கக் கூடாது. போல்ட்டுகளை விரலளவுக்கு மட்டும் ஏற்றி, புள்ளிச் சில்லை உள்ளே தள்ளி, அது துளைக்குச் சரி நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, பிறகுதான் எதிரெதிராக இறுக்கவேண்டும். அவசரப்பட்டு இறுக்கினால் தகடு இருந்தும் பிரயோசனமில்லை. என் கை அவசரப்படவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம். ரேடியேற்றரைப் பூட்டி, தண்ணீர் விட்டு, எண்ணெய் விட்டு, அடித்தோம். கார் எழும்பியது. ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கீழே விரித்தேன். கால் மணித்தியாலம் கழித்து எடுத்தேன். ஒரு சொட்டும் இல்லை.

சம்மாட்டியார் அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்தார். மடித்துத் தன் மடியில் செருகினார். "கடலுக்குப் போறவன் ஓட்டையைச் சொல்லாட்டி, ஓட்டை தானே சொல்லும்" என்றார். கூடையை எடுத்துக்கொண்டு பாதையடிக்கு நடந்துவிட்டார். அது எனக்கு நல்லதா கெட்டதா? மரியதாஸிடம் கேட்டேன். "கருவாட்டு யாவாரி கதைச்சால் தலையும் தெரியாது வாலும் தெரியாது மச்சான்" என்றான்.

நானா தொழுதுவிட்டு வந்து, எங்களைச் சாப்பிடவைத்துத்தான் கொழும்புக்கு வெளிக்கிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு வந்த ஐந்து நாளும் இறங்கவில்லை. அந்த ஐந்து நாளும் பாஸ் என்னை "வாங்கோ, போங்கோ" என்றே கூப்பிட்டார். கராச்சுக்குப் புதுச் சட்டமும் வந்தது. சாக்கில் என்ஜின் கிடக்கும் நாளில் கற்பூரம் சிரட்டையில்தான். சாக்குப் பக்கம் பக்தியோடு வருகிறவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரவேண்டும். மரியதாஸ் அந்தோனியார் படத்தைத் தூக்கி, "இவருக்கும் இந்தச் சட்டம் பொருந்துமோ?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆறாம் நாள் கார் வந்தது. நானா வீட்டுக்கும் போகாமல், ஹாஜியாரோடு நேரே கராச்சுக்கு வந்து நின்றார். என்ஜின் மூடியைத் தூக்கினால் முன்பக்கம் காய்ந்து, தூசி படிந்து கிடந்தது. தூசி இவ்வளவு அழகானது என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. ஹாஜியார் என் கையில் பேரீச்சம்பழம் வைத்து, "ஒரு நட்டும் இதுக்குள்ள இல்ல, பயப்படாமத் தின்னுங்க" என்றார். வழி முழுக்க நானா கதை சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

அடுத்தநாள் காலையில் சம்மாட்டியார் வந்தார். நான் ஒரு லொறிக்கு அடியில் கிடந்தேன். வெளியே வரத் துணிவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு சோடிக் கால்கள்.

பாஸின் கால்கள் சொன்னன: "சம்மாட்டியார், அண்டைக்குக் கேட்டீங்கள், இப்ப சொல்லுறன். பெடியன் கவனம் இல்லாதவன். அந்தக் கிழமை புத்தி அவனிட்ட இருக்கேல்லை. ஆனால் அவன் பூட்டின என்ஜினில நான் என்ட பிள்ளை குட்டியை ஏத்தி அனுப்புவன்."

"நான் அதைக் கேக்க வரேல்லை பாஸ்" என்றன சம்மாட்டியாரின் கால்கள்.

நான் லொறிக்கு அடியில் இன்னும் உள்ளே நகர்ந்தேன்.

"அண்டைக்கு வீட்ட போய் நடந்ததை எல்லாம் பிள்ளைக்குச் சொன்னனான். விழுந்து விழுந்து சிரிச்சாள். சோறு வேகுது, அடுப்பை விட்டிட்டுச் சிரிக்கிறாள். சோறு அடிப்பிடிச்சுப் போச்சு. நான் கேட்டனான், 'என்ன பிள்ளை, இப்பிடிப்பட்ட ஆளைக் கட்டிக்கொண்டு என்ன செய்யப் போறாய்?' எண்டு. அவள் சொல்லுறாள், 'அப்பா, இந்த ஊரில பிழை விடாத ஆம்பிளை ஒருத்தனும் இல்லை. பாதை ஏறிப் போய், நாலு பேருக்கு முன்னால பிழை என்னுடையது எண்டு சொன்ன ஆம்பிளையை நான் இப்பத்தான் கேள்விப்படுறன். ஆள் மனம் மாறுறதுக்கு முன்னம் நாள் பாருங்கோ' எண்டு. கார் திரும்பி வரட்டும் எண்டு நான்தான் பொறுத்திருந்தனான். நாள் பாத்துக்கொண்டு வந்திருக்கிறன். எங்க ஆள்?"

நான் அவசரத்தில் எழும்பி, லொறியின் அடிச்சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தேன். நெற்றியில் புடைப்பு, மூக்கில் கிறீஸ். அந்தக் கோலத்தில்தான் சம்மந்தம் முடிவானது.

மலருக்கு எழுதுவதென்றால் கடைசியில் இளைய தலைமுறைக்கு ஏதாவது புத்தி சொல்லவேண்டும் என்று செயலாளர் தம்பி சொன்னார். சாக்கை உதறுங்கள், உதறிய பிறகு சாமித் தட்டையும் ஒருமுறை பாருங்கள், அவ்வளவுதான். மற்றப்படி, அன்றைக்குக் கிண்ணியா முற்றத்தில் "பிழை என்னுடையது" என்று வாயைத் திறந்தவன் நான். யோகம் அதைக் கேட்டுத்தான் என்னைக் கட்டினாள். இன்றுவரை வீட்டில் ஒரு நாள்கூட அதைச் சொல்லாமல் விட அவள் என்னை அனுமதித்ததில்லை.